பதினொரு அட்டைப்பெட்டிகளை எங்கே வைப்பது?

வட கரோலைனாவின் கிழக்குப் பகுதியில், தார் ஆற்றுக்குப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றின் தேவாலயத்தில் பதினொரு அட்டைப்பெட்டிகள் இருக்கின்றன. ஊர்ப் பெயரை விட்டுவிடுகிறேன். புகையிலைக் கிடங்கு, பெட்ரோல் நிலையம், பூட்டிக் கிடக்கும் கடைத்தெரு என்று இந்த ஆற்றோரத்தில் எல்லா ஊரும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான். தேவாலயத்தின் நூற்றாண்டு விழாக் குழு என்னைக் கூப்பிட்டதற்குக் காரணம் எளியது: பக்கத்து ஊரில் ஓர் இந்தியர் இருக்கிறார், அவருக்கு ஸ்கேனர் பற்றித் தெரிந்திருக்கும். ஸ்கேனர் பற்றித் தெரியும்தான். ஆனால் முதல் பெட்டியைத் திறந்ததும், இது ஸ்கேனரோடு முடிகிற வேலை இல்லை என்று புரிந்துவிட்டது.

முதல் பெட்டி முழுக்க இறுதிச்சடங்கு நிகழ்ச்சித் தாள்கள். இரண்டாக மடித்த தாள், முகப்பில் இறந்தவரின் படம், உள்ளே அவர் வாழ்க்கை பத்து வரியில். பிறந்த பண்ணை, பெற்றோர் பெயர், ஞானஸ்நானம் பெற்ற ஆண்டு, பிள்ளைகள் பெயர். ஒவ்வொரு பிள்ளையின் பெயருக்குப் பக்கத்திலும் ஊர்: நெவார்க், பால்டிமோர், பிலடெல்பியா, மறுபடி நெவார்க். தெற்கிலிருந்து வடக்குக்குக் கறுப்பின மக்கள் கூட்டங்கூட்டமாகப் போன கதை தடித்த புத்தகங்களில் இருக்கிறது. இங்கே அது ஒரு தாயின் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் அமர்ந்தவர்களின் பட்டியலாக இருக்கிறது. 1850, 1860 மக்கள்தொகைக் கணக்குகளில் அடிமைகளுக்குப் பெயர் கிடையாது. எஜமானின் பெயருக்குக் கீழே வயது, பால், நிறம், அவ்வளவுதான். விடுதலை பெற்றவர்கள் பெயரோடு எண்ணப்பட்டது 1870-இல்தான். அப்படிப்பட்ட குடும்பங்களுக்கு இந்த மடித்த தாள் வெறும் நினைவுப் பொருள் இல்லை. பல குடும்பங்களுக்குக் கையில் இருக்கும் ஒரே வம்சாவளி இதுதான்.

மற்ற பெட்டிகளில் ஆராதனைக்கு வருவோரை வரவேற்று அமர்த்தும் அஷர் குழுவின் கூட்டக் குறிப்புகள், சவ அடக்க நிலையத்தின் விளம்பரம் அச்சிட்ட அட்டை விசிறிகள், புகையிலை ஏல ரசீதுகள், கறுப்பினப் பிள்ளைகளுக்கென்று தனியே இருந்த பள்ளியின் ஆண்டு மலர்கள், பசை தடவிய பக்கங்களில் ஒட்டிப்போன புகைப்படங்கள், ஏறத்தாழ முப்பது கேசட்டுகள். இவற்றை என்ன செய்வது என்பதே குழுவின் கேள்வி. ஊரிலேயே வைப்பதா, சேப்பல் ஹில்லின் பெரிய பல்கலைக்கழகத்துக்குக் கொடுப்பதா, ராலியில் இருக்கும் மாநில ஆவணக் காப்பகத்துக்கா, கவுன்டி (நம் மாவட்டம் போன்றது) நூலகத்துக்கா, கிரீன்வில் பல்கலைக்கழகத்துக்கா, அல்லது ஸ்கேன் எடுத்துவிட்டுப் பழையபடி அலமாரியில் வைப்பதா? குழுவில் பெரும்பாலோர் ஊரிலேயே வைக்கத்தான் விரும்பினார்கள். நானும் அங்கிருந்துதான் தொடங்கினேன்.

ஊரிலேயே வைப்பதன் அருமையை எளிதில் ஒதுக்க முடியாது. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பேரன் பாட்டியோடு போய்ப் படத்தைப் பார்க்கலாம். பாட்டி விரலை வைத்து, "இது உன் பெரிய தாத்தா, இவர் பக்கத்தில் நிற்பவரிடம் கடன் வாங்கித்தான் கோவேறு கழுதை வாங்கினார்" என்பார். காப்பகத்தின் வாசிப்பு அறையில் இது நடக்காது. அங்கே பென்சில்தான் அனுமதி. பாட்டிக்கு அங்கே போக வண்டியும் வேண்டும், அடையாள அட்டையும் வேண்டும்.

ஆனால் ஆறு இருக்கிறதே. தார் ஆற்றின் கரையில், டார்பரோ நகரத்துக்கு எதிரே பிரின்ஸ்வில் என்ற ஊர் இருக்கிறது. உள்நாட்டுப் போர் முடிந்ததும் விடுதலையான மக்கள் குடியேறிய இடம். யாருக்கும் வேண்டாத வெள்ளச் சமவெளி என்பதால்தான் அவர்களுக்கு அங்கே இடம் கிடைத்தது. முதலில் ஃப்ரீடம் ஹில் என்று அழைக்கப்பட்டது, 1885-இல் நகரமாகப் பதிவானது. டர்னர் பிரின்ஸ் என்ற தச்சரின் பெயர் அதற்கு வைக்கப்பட்டது. அமெரிக்காவில் கறுப்பின மக்களே உரிமம் பெற்று அமைத்த ஊர்களில் மிகப் பழையதாகச் சொல்லப்படுவது இதுதான். அடிக்கடி வெள்ளம் வந்ததால் 1967-இல் ராணுவப் பொறியாளர் படை ஒரு வெள்ளத் தடுப்புக் கரை எழுப்பியது. 1999 செப்டம்பரில், டென்னிஸ் புயல் ஊறவைத்துவிட்டுப் போன மண்ணின்மேல் ஃபிளாய்டு புயல் மழையைக் கொட்டியது. ஆறு கரையைச் சுற்றிக்கொண்டு உள்ளே வந்தது. ஊர் நாள் கணக்கில் தண்ணீருக்குள் கிடந்தது. கல்லறைத் தோட்டத்திலிருந்து சவப்பெட்டிகள் மிதந்து வந்தன. இறந்தவர்களே இடம் பெயர்ந்த ஊரில் காகிதத்தின் கதியைச் சொல்ல வேண்டியதில்லை.

அந்த ஆண்டே, மத்திய அரசு வீடுகளை விலைக்கு வாங்கிக்கொண்டு எல்லோரையும் வேறிடத்துக்கு அனுப்பத் தயாராக இருந்தது. ஊர் மன்றம் 3-க்கு 2 என்ற வாக்கில் மறுத்தது. அங்கேயே இருப்போம் என்றார்கள், இருந்தார்கள். 2016 அக்டோபரில் மேத்யூ புயல் வந்தது, மறுபடி வெள்ளம். பழைய நகர மன்றக் கட்டடத்தில் வைத்திருந்த அருங்காட்சியகமும் தப்பவில்லை. அதன் பிறகு வட கரோலைனா மாநிலப் பல்கலைக்கழக மாணவர்கள் அவர்களுக்காக ஒரு டிரெய்லருக்குள் அருங்காட்சியகம் அமைத்துக் கொடுத்தார்கள். தண்ணீர் ஏறினால் இழுத்துக்கொண்டு போய்விடலாம். இந்தத் தொகுப்பைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த டிரெய்லர்தான் நினைவுக்கு வருகிறது: ஊர் நகர மறுக்கலாம், அது அதன் உரிமை; அதன் காகிதத்துக்குச் சக்கரம் இருந்தாக வேண்டும்.

வெள்ளமே வராத ஆண்டுகளிலும் பிரச்சினை தீராது. காகிதத்துக்கு ஏறத்தாழ 21 டிகிரி செல்சியஸுக்குக் கீழான வெப்பமும், 30 முதல் 50 சதவீத ஈரப்பதமும் வேண்டும், அதுவும் ஆண்டு முழுக்க ஏற்ற இறக்கமில்லாமல். ஆகஸ்டு மாதத்தில் இந்தத் தேவாலயத்தின் பின்னறையில் என் சட்டையே முதுகில் ஒட்டிக்கொண்டது. நனைந்த காகிதத்தில் 48 மணி நேரத்தில் பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கும். அதற்குள் உலர்த்த வேண்டும், முடியாவிட்டால் உறையவைக்க வேண்டும். வார நாளில் பூட்டிக் கிடக்கும் கட்டடத்தில் யார் கவனிப்பார்கள்? சாவி ஒருவரிடம்தான் இருக்கிறது. அவருக்கு வயது 81.

சரி, சேப்பல் ஹில். வட கரோலைனாப் பல்கலைக்கழகத்தின் தென்னக வரலாற்றுத் தொகுப்பு 1930-இல் தொடங்கியது. அதைத் தொடங்கிய வரலாற்றுப் பேராசிரியர் டி ரூலாக் ஹாமில்டன், ஒரு ஃபோர்டு காரை எடுத்துக்கொண்டு தெற்கு முழுக்கச் சுற்றினார். பழைய பண்ணை வீடுகளின் பரண்களில் கிடந்த கடிதங்களையும் கணக்குப் புத்தகங்களையும் பேசிப் பேசி வாங்கிக் காரில் ஏற்றினார். மற்ற மாநிலத்தார் எரிச்சலில் அவருக்கு வைத்த பட்டப்பெயர் 'ரான்சாக்', அதாவது சூறையாடி. அவர் எடுத்துப் போகாதிருந்தால் அவற்றில் பாதி எலிக்குப் போயிருக்கும் என்பதும் உண்மை. ஆனால் அவர் தட்டிய கதவுகள் யாருடையவை என்று பாருங்கள். பெரும்பாலும் நிலக்கிழார்களின் வீடுகள். அங்கிருந்து வந்த காகிதத்தில் எங்கள் தேவாலயத்தாரின் முன்னோர் இருக்கிறார்கள்தான், விலையோடு, சொத்துப் பட்டியலில்.

இன்றைய சேப்பல் ஹில் அந்தச் சேப்பல் ஹில் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். மெல்லன் அறக்கட்டளையின் நிதியோடு 2017 முதல் சில ஆண்டுகள் அவர்கள் நடத்திய திட்டத்தில், காகிதத்தை வாங்கிக்கொண்டு போவதை விட்டு, ஊர்க்காரர்களே தங்கள் காப்பகத்தை நடத்தக் கற்றுக்கொடுத்தார்கள். ஒலிப்பதிவுக் கருவியும் பேட்டி எடுக்கும் கையேடும் அடங்கிய முதுகுப்பை ஒன்றைக்கூட ஊர்களுக்குக் கொடுத்தார்கள். மிசிசிப்பியின் மவுண்ட் பாயூ போன்ற, கறுப்பின மக்கள் நிறுவிய பழைய ஊர்களின் கூட்டமைப்பும் இதில் சேர்ந்திருந்தது. எனக்குப் பிடித்த யோசனை இது. ஆனால் நிதியில் நடக்கும் திட்டம் நிதியோடு முடியும். பெட்டிகள் அதற்குப் பிறகும் இருக்கும்.

பெரிய இடத்துக்குக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு ஓ. என். புரூயிட்டின் படங்கள் நல்ல எடுத்துக்காட்டு. மிசிசிப்பியின் கொலம்பஸ் நகரத்தில் ஸ்டுடியோ வைத்திருந்தவர் அவர். திருமணம், ஆற்று ஞானஸ்நானம், சர்க்கஸ், தூக்குத் தண்டனை வரை எல்லாவற்றையும் எடுத்தார். அந்த ஊரில் வளர்ந்த நண்பர்கள் சிலர் 1987-இல் வாங்கிக் காப்பாற்றிய ஏறத்தாழ 88,000 நெகடிவ்கள் இப்போது சேப்பல் ஹில்லில், குளிரூட்டப்பட்ட அறையில் இருக்கின்றன. நெகடிவ்களுக்கு அது மிக நல்ல இடம். பழைய அசிட்டேட் பிலிம், சூட்டில் வினிகர் வாடை அடித்துச் சுருங்கிப்போகும். அதை மெதுவாக்கக் குளிர்தான் முக்கிய வழி. ஆனால் கொலம்பஸ்காரர் ஒருவர் தன் தாத்தாவின் மூலப் படத்தைப் பார்க்கப் பல மாநிலங்களைத் தாண்டி வர வேண்டும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், கொலம்பஸில் நல்ல உள்ளூர்க் காப்பகம் ஒன்று உண்டு. பொது நூலகத்துக்குள்ளேயே பில்லப்ஸ்-கார்த் காப்பகம் இயங்குகிறது. லவுண்ட்ஸ் கவுன்டியின் பழைய நீதிமன்றக் கோப்புகளும் குடும்பக் காகிதங்களும் அங்கேதான் இருக்கின்றன. கவுன்டி நூலகம் என்ற வழியைச் சும்மா தள்ளிவிடக் கூடாது என்று எனக்குக் காட்டியது அதுதான். ஆனால் அங்கே பயிற்சி பெற்ற காப்பாளர் இருக்கிறார், தனி அறை இருக்கிறது. நம் பக்கத்துக் கவுன்டி நூலகங்களில் 'உள்ளூர் வரலாற்று அறை' என்று பலகை மாட்டிய அறைகளில் சிலவற்றைப் பார்த்தேன். ஒன்றில் சிறுவர் நாற்காலிகளை அடுக்கி வைத்திருந்தார்கள். ஆர்வமுள்ள ஒரு நூலகர் இருக்கும்வரை அந்த அறை உயிரோடு இருக்கும். அவர் ஓய்வு பெற்றால் அடுத்த பட்ஜெட் என்ன சொல்லும் என்று யாருக்கும் தெரியாது.

மாநிலக் காப்பகத்தைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. அது முதலில் அரசு ஆவணங்களின் வீடு. பத்திரங்கள், உயில்கள், திருமணப் பதிவுகள் எல்லாம் அங்கே பத்திரமாக இருக்கும். பிரின்ஸ்வில்லை நகரமாக்கிய சட்டமும் எந்த வெள்ளத்திலும் போகாது. தேவாலயத்து விசிறிக்கு அங்கே இடம் கேட்பது, தாலுகா அலுவலகத்தில் கல்யாண ஆல்பத்தைக் கொடுத்து வைப்பது போல. தென்னக மாநிலக் காப்பகங்கள் யாருடைய வரலாற்றைச் சேர்த்தன என்ற பழைய கணக்கும் இருக்கிறது. 1901-இல் தொடங்கிய அலபாமாவின் காப்பகம்தான் நாட்டிலேயே முதல் மாநிலக் காப்பகம். உள்நாட்டுப் போரில் அடிமை முறைக்காகப் போரிட்ட தென் மாநிலக் கூட்டமைப்பின் நினைவைப் பேணுவதில் காட்டிய அக்கறையைக் கறுப்பின மக்களின் வரலாற்றில் பல பத்தாண்டுகள் காட்டவில்லை என்று 2020-இல் அதுவே அறிக்கை விட்டு ஒப்புக்கொண்டது.

குழுவில் ஒருவர் 2013-ஐ மறக்கவில்லை. இதே மாநிலத்தின் பிராங்க்ளின் கவுன்டியில், நீதிமன்றக் கட்டட நிலவறையில் பழைய ஆவணங்கள் கண்டெடுக்கப்பட்டன. உள்ளூர் பாரம்பரியச் சங்கத்தார் பிரித்து அடுக்கத் தொடங்கினார்கள். பூஞ்சணம் ஆபத்து, வைத்திருக்க வேண்டிய காலமும் கடந்துவிட்டது என்ற முடிவில், டிசம்பரில் பெரும்பகுதி எரிக்கப்பட்டது. மாநிலக் காப்பக அதிகாரிகள் சொன்னதில் விதிப்படி தவறில்லாமல் இருக்கலாம். ஆனால் விதி ஆவணத்தை வகையாகப் பார்க்கிறது. ஊர்க்காரர் அதில் பெயரைப் பார்க்கிறார். இதைச் சொன்ன பிறகு ராலியைப் பற்றிக் குழுவில் யாரும் வாய் திறக்கவில்லை. இருந்தாலும் மாநிலக் காப்பகத்தில் ஒரு நல்ல சேவை உண்டு. சிறிய அமைப்புகளுக்கு ஒரு காப்பாளரை நேரில் அனுப்பி, என்ன இருக்கிறது, எதற்கு என்ன ஆபத்து என்று பார்த்துச் சொல்வார்கள். பெட்டியைக் கொடுக்க வேண்டாம், ஆலோசனையை வாங்கிக்கொள்ளலாம்.

இனி ஸ்கேன். குழுவின் இளையவர்கள் எல்லோரும் இதில்தான் நின்றார்கள். இந்த மாநிலத்தில் அதற்கு நல்ல வசதியும் இருக்கிறது. 2010-ஐ ஒட்டித் தொடங்கிய வட கரோலைனா எண்மப் பாரம்பரிய மையம், நூலகங்களும் அருங்காட்சியகங்களும் கொண்டு வரும் ஆண்டு மலர்கள், செய்தித்தாள்கள், ஆல்பங்கள் ஆகியவற்றைக் காசு வாங்காமல் ஸ்கேன் எடுத்து இணையத்தில் போட்டுவிட்டு, மூலத்தைத் திருப்பிக் கொடுத்துவிடும். நெவார்க்கில் இருக்கும் பேத்தி நள்ளிரவில் எழுந்து பாட்டியின் பள்ளி ஆண்டு மலரைப் பார்க்கலாம். இதற்கு மேல் என்ன வேண்டும் என்றார்கள்.

எனக்கு இரண்டு தயக்கங்கள். அந்தச் சேவைக்குப் பின்னால் மாநில நூலகம் வழியே வரும் மத்திய நிதி இருக்கிறது. நூலகங்களுக்கான அந்த மத்திய அமைப்பையே சுருக்கச் சொல்லி 2025 மார்ச்சில் ஜனாதிபதி ஆணை வந்தது, வழக்குகள் தொடர்ந்தன. இலவசம் என்பது யாரோ கட்டும் பில். இரண்டாவது, ஸ்கேன் எடுத்ததும் மூலத்தின் மேல் அக்கறை போய்விடும். 'அதுதான் கம்ப்யூட்டரில் இருக்கிறதே' என்ற பேச்சு வந்த வீட்டில் அடுத்த வசந்தகாலச் சுத்தத்தில் பெட்டி குப்பைக்குப் போகும். படத்தின் பின்பக்கத்துப் பென்சில் எழுத்தை ஸ்கேன் எடுக்க மறந்திருப்பார்கள் என்பது அப்போதுதான் தெரியவரும். பணம் கட்டிப் பார்க்கும் வம்சாவளித் தளங்களைப் பற்றியும் கேட்டார்கள். தங்கள் பாட்டியின் சாவுத் தாளைப் பார்க்கச் சொந்தப் பேரப்பிள்ளைகளே சந்தா கட்ட வேண்டிய இடத்துக்கு எதற்குக் கொடுக்க வேண்டும்?

ஆகவே நான் குழுவுக்குச் சொன்னது கிரீன்வில். அங்கே கிழக்குக் கரோலைனாப் பல்கலைக்கழக நூலகத்தில் 1966 முதல் இந்த வட்டாரத்துக்கென்றே ஒரு கையெழுத்துப் பிரதித் தொகுப்பு இருக்கிறது. சேப்பல் ஹில்லில் பதினொரு பெட்டி ஒரு துளி. வட்டாரக் காப்பகத்தில் அது பொருட்படுத்தத் தக்க தொகுப்பு. தூரம் ஒரு மணி நேரத்துக்குள். தேவாலய வேன் ஒரு சனிக்கிழமை காலை போய் மாலைக்குள் திரும்பலாம். கிரீன்வில்லும் தார் ஆற்றங்கரைதான், 1999-இல் பல்கலைக்கழகமே மூடிக்கிடந்தது. அதனால் எங்கே கொடுத்தாலும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, 'எந்த மாடி?' என்றேன். சிரித்தார்கள், குறிப்பேட்டில் எழுதியும் கொண்டார்கள்.

கொடுப்பது என்றால் வேனில் ஏற்றி இறக்குவது இல்லை, நன்கொடைப் பத்திரம் என்று ஒன்று இருக்கிறது. அச்சடித்து வைத்திருக்கும் படிவத்தில் அப்படியே கையெழுத்துப் போடாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொண்டேன். வேண்டாதவற்றைக் காப்பகம் கழிக்கும் உரிமை அதில் பெரும்பாலும் இருக்கும். கழிக்கும் முன் தேவாலயத்தைக் கேட்க வேண்டும் என்ற ஒரு வரியைச் சேர்க்கச் சொல்லலாம். எல்லாவற்றின் எண்மப் பிரதியும் ஊருக்குத் திரும்ப வேண்டும், ஆண்டு விழாவுக்குச் சில பொருள்களைக் கடனாகத் தர வேண்டும், பட்டியலில் தேவாலயம் சொல்கிற பெயரே தொகுப்புக்கு இருக்க வேண்டும். காப்புரிமை தனிக் கதை. காகிதத்தைக் கொடுத்தால் காப்புரிமையும் போகிறது என்று அர்த்தம் இல்லை. ஸ்டுடியோக்காரர் எடுத்த படத்தின் உரிமை தேவாலயத்திடம் முதலிலேயே இல்லாமலும் இருக்கலாம்.

எல்லாமே வெளியே போகவும் தேவையில்லை. விசிறிகள், கோப்பைகள், அதிகப் பிரதி இருக்கும் ஆண்டு மலர்கள் ஊரிலேயே கண்ணாடி அலமாரியில் இருக்கட்டும். சில விஷயங்கள் எப்போதோ வெளியே போய்விட்டன. கறுப்பினப் பிள்ளைகளுக்காகத் தெற்கில் 1932 வரை ஏறத்தாழ 5,000 பள்ளிகள் எழ உதவியது ரோசன்வால்ட் நிதி. 800-க்கு மேல் வட கரோலைனாவில் மட்டும். அவற்றின் அட்டைக் கோப்பு நாஷ்வில்லில், ஃபிஸ்க் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. ஒவ்வோர் அட்டையிலும் கட்டடச் செலவு நான்கு வரியாகப் பிரிந்திருக்கும்: கறுப்பின மக்கள் கொடுத்தது, வெள்ளையர் கொடுத்தது, அரசு கொடுத்தது, நிதியம் கொடுத்தது. வெள்ளையர் வரி பல அட்டைகளில் காலி. அட்டையின் ஒரு நகலைக் காட்டியபோது, செயலர் அம்மா முதல் வரியில் இருந்த தொகையை விரலால் தடவிவிட்டு, "இது கோழியும் முட்டையும் விற்ற காசு" என்றார். அது அட்டையில் இல்லை.

இந்த ஒப்பீட்டில் நான் எடுத்த முடிவு இங்கிருந்துதான் வந்தது. எந்தக் காப்பகத்துக்கும் பெட்டி போகும் முன், பெயர் எழுதும் வேலை ஊரில் முடிய வேண்டும். காப்பகம் காகிதத்தை நூறு ஆண்டு வைத்திருக்கும். படத்தில் இருப்பவர் யார் என்று அதனால் சொல்ல முடியாது. 'அடையாளம் தெரியாத பெண், தேவாலய வாசல்' என்றுதான் பட்டியலில் போடும். அந்தப் பெண்ணை அடையாளம் சொல்லக்கூடியவர்கள் இந்த ஊரில் நான்கு பேர் இருக்கிறார்கள். இதற்கு நிதியும் வேண்டாம், யாருடைய அனுமதியும் வேண்டாம்.

மூன்று சனிக்கிழமைகளாக நடக்கிறது. நீண்ட மேசையில் படங்களைப் பரப்பி, ஒவ்வொன்றுக்கும் எண் கொடுத்து, பெரிதாக்கிய நகலில் முகங்களைச் சுற்றி வட்டம் போட்டுப் பெயர் எழுதுகிறோம். மூலத்தின் பின்னால் எண் மட்டும், மென்மையான பென்சிலில், ஓரத்தில். பேனா கூடாது, அது முன்பக்கம் ஊறும். துருப்பிடித்த காகிதக் கிளிப்புகளை எடுக்க ஒரு பள்ளி மாணவன் வருகிறான். நடுவில் சண்டையும் உண்டு: தொப்பி வைத்தவர் அக்காவா தங்கையா என்று நாற்பது நிமிடம். இரண்டு பெயரையும் எழுதிக் கேள்விக்குறி போட்டோம். ஒலிப்பதிவுக் கருவி மேசை நடுவில் ஓடிக்கொண்டே இருக்கிறது.

பத்துப் பெட்டிகளைக் கிரீன்வில்லுக்குத் தரக் குழு ஒத்துக்கொண்டுவிட்டது. ஏழாம் எண் பெட்டிதான் பாக்கி. அதில் 1940-களிலிருந்து தேவாலய ஒழுங்கு விசாரணைக் குறிப்புகள் இருக்கின்றன: யார் எதற்காகச் சபையிலிருந்து நீக்கப்பட்டார், யார் எல்லோர் முன்னும் நின்று மன்னிப்புக் கேட்டார். அவர்களின் பிள்ளைகள் இன்றும் முன் வரிசையில் அமர்கிறார்கள். முப்பது ஆண்டு யாரும் பார்க்கக் கூடாது என்ற நிபந்தனையோடு கொடுக்கலாம் என்று சொல்லிப் பார்த்தேன். செயலர் அம்மா பெட்டியை மேசையிலிருந்து இறக்கித் தன் நாற்காலிக்குக் கீழே தள்ளிக்கொண்டு, அடுத்த படத்தை எடுக்கச் சொன்னார்.